வேட்டை நாய்களுக்குச் சாக்கு விரிக்காதே

பாலு,

இதற்கு மேல் படிக்காதே. முதலில் எழுந்து கொல்லைப்புறம் போய், குட்டிகளுக்கு நீ விரித்திருக்கும் சாக்குகளை ஒரு குச்சியால் இழுத்து வெளியே தள்ளு. வெறும் கையால் தொடாதே. ராணியை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல். குட்டிகள் இரண்டையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நீயும் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார். பிறகு படி. இந்தக் கடிதத்தை உன்னிடம் நீட்டிய கையோடு உன் நைனாவே நேராகக் கொல்லைக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அவரைத் தடுக்காதே. ஏன் என்று கேட்காதே. கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

மதியத் தபாலில்தான் உன் கடிதம் வந்தது. வேட்டை நாய் ஜாதியில் இரண்டு குட்டி வாங்கி வந்தது, ராணிக்கு ஐந்தாம் மாதம் நடப்பது, அவள் பொழுது போகாமல் குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு அடுத்த வரியில், கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் காலிச் சாக்குகள் குவிந்து கிடக்கின்றன, கெட்டியான சாக்கு, நன்றாக அலசிக் காயவைத்து விரித்தால் குட்டிகளுக்கு மெத்தை மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாய். நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவினாரா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது களத்தில் வைக்கோலை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

சின்ன வயதில் உனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்தாய் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது காய்ச்சல் இல்லை. தேசப்பன் வீட்டோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லாதது வரப்புத் தகராறால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது வரப்பும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை.

அப்போது உனக்கு நான்கு வயது முடியவில்லை. நைனாவிடம் நான்கு நாய்கள் இருந்தன. ராஜா, வீரன், மணி, அப்புறம் சிவப்பி என்கிற பெட்டை. வேர்க்கடலை போட்டால் காட்டுப்பன்றி வந்து ஒரே இரவில் நிலத்தை உழுதுவிட்டுப் போகும் காலம் அது. நைனாவும் உன் சித்தப்பா ஏழுமலையும் நாய்களை இட்டுக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த புதர்க்காட்டுக்குப் போவார்கள். இப்போது போல வேட்டைக்குத் தடை எல்லாம் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கவில்லை. வேட்டை நாயின் உடம்பை நீ பார்த்திருக்கிறாய். மேலே முடியும் இல்லை, உள்ளே கொழுப்பும் இல்லை. விலா எலும்பு எண்ணிவிடலாம். வெறும் தரையில் படுத்தால் முன்னங்கால் முட்டி காய்த்து, தோல் உரிந்து, புண்ணாகிவிடும். புண் வந்த நாய் ஓடாது. ஆகவே அதற்கு விரிப்பு கட்டாயம் வேண்டும். வருஷா வருஷம் வைக்கோல்தான் போடுவோம். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. போர் முழுக்க நனைந்து, வைக்கோலில் பூஞ்சை பிடித்து, நாய்களெல்லாம் தும்மிக்கொண்டும் சொறிந்துகொண்டும் கிடந்தன.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிற ஆள் ஒருவர் நைனாவுக்குப் பழக்கம். பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து டின்கள் அங்கே அடுக்கியிருக்குமாம். அந்த டின்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய சாக்குகளைக் கழித்துப் போட்டபோது நைனா கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்துக் கொண்டு வந்தார். நீ உன் சாக்கை அலசிப் போடுவதாக எழுதியிருக்கிறாயே, அவரும் அலசினார். ஏரிக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தார். வெயில் வந்த நேரம் பார்த்துக் காயப்போட்டார். அப்படியும் கிட்டப் போனால் பூண்டு வாடை மாதிரி ஒன்று அடித்தது. "இன்னாங்க இது, பூண்டு மூட்ட போட்ட சாக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்" என்றார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? குடித்தால்தான் விஷம் என்று நினைத்திருந்தோம்.

முதலில் வீரன் போனது. காலையில் எழுந்து பார்க்கும்போது வாயில் நூல் நூலாக எச்சில் வடிந்துகொண்டிருந்தது. தோலுக்கு அடியில் சதை துடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. வெயில் ஏறுவதற்குள் செத்துவிட்டது. நைனா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலைதான் முதலில் சொன்னார்: "அண்ணே, இது மருந்து வச்ச சாவு. தேசப்பன் வேலதான்."

அந்தப் பேச்சுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் மணி தேசப்பனுடைய ஆட்டுக்குட்டி ஒன்றைக் கடித்துப் போட்டிருந்தது. டீக்கடையில் எல்லார் முன்னாலும் தேசப்பன் சத்தம் போட்டிருந்தார். "இன்னொரு தபா என் ஆட்டாண்ட வந்துச்சுன்னா ஒரு நாய்கூட மிச்சம் இருக்காது, சொல்லிட்டேன்." கோபத்தில் யாரும் சொல்வதுதான். ஆனால் வீரன் செத்த பிறகு ஊரில் எல்லாருக்கும் அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

நைனா மிச்ச நாய்களைக் கட்டிப் போட்டார். தன்னைத் தவிர வேறு யாரும் சோறு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தண்ணீரைக்கூட முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். அப்படியும் மணிக்கு அதே எச்சில், அதே துடிப்பு. அதுவும் போனது. "கட்டிப் போட்ட நாய்க்கு எவங்க வந்து வைப்பான்?" என்று கேட்டேன். "செவுத்துக்கு மேல வீசினு போறான்" என்றார். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பன்றிக்கு எடுத்துப் போகிற ஈட்டியைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்றி வேட்டைக்குப் போகவில்லை, போகப் போதுமான நாயும் இல்லை. ஆனால் தீட்டுவார்.

சிவப்பி அப்போது சினையாக இருந்தது. அது மட்டும் சாக்கில் படுக்கவில்லை. விரிக்கிற சாக்கை எல்லாம் முன்னங்காலால் கீறி, பல்லால் கவ்வி இழுத்து மூலையில் தள்ளிவிட்டு, அவிழ்த்து விட்ட நேரமெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மணலில் போய்ச் சுருண்டுகொள்ளும். சினை நாய் குழி பறிக்கும், விரிப்பைக் கலைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அப்படித்தான் நினைத்தோம். நைனா இரண்டு முறை அதட்டி இழுத்து வந்து சாக்கின் மேல் கட்டிப் பார்த்தார். கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று மதியமும் நல்ல மழை. உனக்குச் சோறு ஊட்டிவிட்டு, ஏனம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், நீ வீட்டில் இல்லை. எங்கே போயிருப்பாய் என்று தெரியும். நாய்க் கொட்டகையில் ராஜாவின் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு, வெறும் அரைச் சட்டையோடு சாக்கின் மேல் தூங்குவாய். நாலைந்து நாளாக அதுதான் உன் வழக்கம். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நானும் விட்டிருந்தேன். போய்த் தூக்கினேன். உன் உடம்பு முழுக்க வேர்வை. வாயிலிருந்து எச்சில் வடிந்து சட்டை நனைந்திருந்தது. "பாலு, பாலு" என்று கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்தாய். கறுப்பு விழி கடுகு அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. கீழே ராஜா எழுந்திருக்கவில்லை. அதன் கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

நான் போட்ட கூச்சலில் நைனாவும் ஏழுமலையும் ஓடிவந்தார்கள். நைனா உன்னைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "நாய்க்குப் போட்டத புள்ள எடுத்துத் துன்னுட்டாண்ணே" என்றார் ஏழுமலை. அவ்வளவுதான். நைனா சுவரில் சாய்த்திருந்த ஈட்டியை எடுத்தார். "நீ புள்ளய தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் அவன முடிச்சிட்டு வரேன்." அவர் குரலில் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவர்கள் இருவரும் மழையில் தேசப்பன் வீட்டுப் பக்கம் போனார்கள். அவர் பின்னால் ஓடுவதா, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

கும்மிடிப்பூண்டி ரோட்டில் பஸ் இல்லை. ஒரு ஆள் இல்லை. எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்தது. கிட்ட வந்ததும்தான் பார்த்தேன், ஓட்டி வந்தது தேசப்பன். தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா தங்கச்சி, மழைல புள்ளய தூக்கினு எங்க ஓட்ற?"

என் பிள்ளைக்கு விஷம் வைத்த கை அந்தக் கைதான் என்று நானும் பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அவர் குதித்து இறங்கி உன் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, இன்னா இது! ஏறு, ஏறு" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். ஏறினேன். வேறு என்ன செய்வேன்? அவர் மாட்டை விரட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இன்னா துன்னான்? இன்னா குடுத்த?" என்று கேட்டார். "நீதானே வச்ச" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டேன். நைனா அங்கே அவர் வீட்டில் ஈட்டியோடு நிற்கிறார் என்பதையும் சொல்லவில்லை. உனக்கு மூச்சு களகளவென்று சத்தம் போட்டு வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஓடைத் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. தேசப்பன் மாட்டை அடிக்கவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு என் மடியிலிருந்து உன்னைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடினார். நீ அவர் முதுகெல்லாம் வாந்தி எடுத்தாய். அவர் நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

டாக்டரம்மா உன் கண்ணைப் பார்த்ததும் ஊசி எடுத்துவரச் சொன்னார். "என்னம்மா சாப்பிட்டான்?" என்றார். "நானே சோறு ஊட்டினேன், வேற ஒண்ணும் துன்னல" என்றேன். அவர் உன் வாயை முகர்ந்தார். பிறகு உன் சட்டையை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "வாயில வாடை இல்ல. சட்டையிலதான் இருக்கு. வயலுக்கு மருந்து அடிச்சீங்களா? எங்க படுத்திருந்தான்?" என்று கேட்டுக்கொண்டே உன் சட்டையைக் கிழித்து எறிந்து, சோப்புத் தண்ணீரால் உன்னை உச்சி முதல் கால் வரை கழுவச் சொன்னார். அந்தச் சட்டையிலிருந்து வந்தது பூண்டு வாடை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாய்களுக்கு நைனா கையால் சோறு, உனக்கு என் கையால் சோறு. சோற்றில் ஒன்றும் இல்லை. சாக்கில் படுத்த நாய்கள் எல்லாம் விழுந்துவிட்டன. சாக்கில் படுக்காத சிவப்பி மட்டும் நன்றாக இருக்கிறது. தேசப்பன் ஒன்றும் செய்யவில்லை.

உன்னை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவந்தேன். தேசப்பன் எனக்காக எங்கேயோ டீ வாங்கிக்கொண்டு கண்ணாடித் தம்ளரைக் கையில் மூடிப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வாசல் கேட்டில், நைனா. கையில் ஈட்டி. கூட ஏழுமலை. காலடிச் சத்தம் கேட்டுத் தேசப்பன் திரும்பினார். ஈட்டி முனை அவர் நெஞ்சில் வந்து நின்றது. டீ தம்ளரை அவர் கீழே போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ்!" என்று கத்தினேன். உன் நைனாவை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்த ஆளத் தொட்டின்னா உன் புள்ள மூஞ்சில நீ முழிக்க மாட்ட! யாரும் மருந்து வைக்கலய்யா. நீ கொண்டாந்த சாக்குய்யா! நாய்க்கு விரிச்ச சாக்கு! டாக்டரம்மா உள்ள இருக்காங்க, போய்க் கேளு!"

"அலசித்தானே போட்டேன்" என்றார் நைனா. ஈட்டி இறங்கவில்லை.

"அலசியும் போகலய்யா. இவருதான்யா புள்ளய தோள்ல போட்டுனு ஓடியாந்தாரு. வண்டி மாடு எல்லாம் ரோட்டுலயே வுட்டுட்டு."

"அலசித்தானே போட்டேன்" என்று மறுபடியும் சொன்னார். அப்புறம் கை தானாக இறங்கியது. தேசப்பன் அந்த டீயை என்னிடம் நீட்டினார். "முதல்ல நீ குடி தங்கச்சி. புள்ள கண்ணு முழிக்கட்டும். அப்பால எது இருந்தாலும் பேசிக்கலாம்" என்றார். நைனா பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து, மூச்சு சீராகிறது, பிழைத்துக்கொள்வான் என்று சொன்ன பிறகுதான் அவர் வண்டியைப் பார்க்கக் கிளம்பினார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நைனாவும் ஏழுமலையும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கப்பட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் போன பிறகு ஏழுமலை சொன்னதைக் கேட்டுத்தான் தெரிந்தது.

தேசப்பன் வீட்டில் அவர் இல்லை என்றதும் இவர்கள் ஆட்டுக் கொட்டகையை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். தடுக்க வந்த அவர் மனைவி குப்பம்மாவை ஏழுமலை பிடித்துத் தள்ளியிருக்கிறார். அந்த அம்மா கல்லில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உன்னைச் சுமந்து கொண்டுவந்து காப்பாற்றிய மனுஷன், தன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமலே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். உன் நைனா அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உதடு அசைந்ததை நானே பார்த்தேன். சத்தம் வரவில்லை.

ராஜாவும் அன்று சாயங்காலமே செத்துவிட்டது. நைனா சாக்குகளை எரிக்கவில்லை. எரித்தால் புகையும் விஷம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். கிணறு, ஏரி எதற்கும் பக்கத்தில் இல்லாத மேட்டில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தார். நீயும் எரிக்காதே. நாய்க் கொட்டகை மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துப் போட்டார். சிவப்பி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அதே மணலில்தான் குட்டி போட்டது. அதற்கு நைனா செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டார், ஈரம் ஏறக் கூடாது என்று. அக்கம்பக்கத்தில் யாரிடமோ வைக்கோல் வாங்கி, உதறி, காயவைத்து, உண்ணி வராமல் இருக்க அடியில் வேப்பிலை பரப்பி விரித்தார். விரித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் முதுகோடு அதில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. மறுநாள் வரை தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் குட்டிகளை அதில் விட்டார். அதன் பிறகு எந்த நாய்க்கு எதை விரித்தாலும் முதலில் அவர் படுத்துப் பார்ப்பார். நீ வளர்ந்த பிறகு அதைப் பார்த்து, நைனாவுக்குக் கிறுக்கு என்று சிரித்திருக்கிறாய். இன்று உன் கொல்லையிலும் அவர் படுப்பார். ராணிக்கு முன்கூட்டியே சொல்லி வை, அந்தப் பெண் மிரண்டுவிடப் போகிறாள்.

வைக்கோல் தீர்ந்துவிட்டால் துவைத்த பழைய வேட்டியோ என்னுடைய பழைய நூல் புடவையோ போடு, நைனா மூட்டையில் வைத்திருக்கிறேன். கிழிந்து நூல் பிரிந்தால் உடனே மாற்று, குட்டிகள் தின்றுவிடும். உமி வேண்டாம், கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கம்பெனியில் மெஷின் துடைக்கிற பஞ்சு, மரப்பட்டறைத் தூள், பெயிண்ட் டப்பா வந்த அட்டை, எதுவும் வேண்டாம். இப்போது உங்கள் பக்கம் புதுசு புதுசாக எத்தனையோ கம்பெனி வருகிறது என்கிறார்கள். எதில் எது பட்டிருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பொருள் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதே.

தேசப்பன் போலீசுக்குப் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. நைனா தனியாகப் போய் அவருடைய ஆட்டுக் கொட்டகையைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒருவரும் அவரிடம் பேசவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டி முடித்த பிறகு, சிவப்பி போட்டதில் நல்ல குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். தேசப்பன் குட்டியைப் பார்த்தார். "எனக்கு நாய் வேணாம்பா. எம் பொண்டாட்டி கைய குடு" என்றார். நைனா குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். குப்பம்மாவின் கை கடைசி வரை நேராகவில்லை. அந்த அம்மா அதற்கப்புறம் நாற்று நடக் குனிந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நாளிலிருந்து நம் வீட்டில் தேசப்பன் பேரைச் சொல்லக் கூடாது என்றானது. கோபத்தில் இல்லை பாலு. அந்தப் பேரைக் கேட்க உன் நைனாவால் முடியவில்லை. ஆனால் நீ கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டு வளர்ந்தாய்.

போன தடவை வந்தபோது நீயே சொன்னாய். கவரைப்பேட்டையில் பஸ் ஏறிய தேசப்பனுக்கு உட்கார இடம் இல்லை, உன் பக்கத்தில் இடம் இருந்தும் நீ பையை வைத்துக்கொண்டாய், அவர் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார் என்று. நைனாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாய். அவர் எழுந்து வெளியே போனதை நீ கவனிக்கவில்லை. பொங்கலுக்கு நீயும் ராணியும் வரும்போது, நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு அது இது என்று பேச வேண்டாம். அதைப் பேச வேண்டியவன் நீ இல்லை. குப்பம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். அவர் தனியாகத்தான் இருக்கிறார். நான்தான் பாலு என்று சொல்லி அவர் முன்னால் நில். அவர் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று அவர் ஒரு தடவை முழுசாகப் பார்க்கட்டும்.

நைனா மூட்டையைக் கட்டிவிட்டு வாசலில் நிற்கிறார். "எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "தேசப்பன் பேர எழுதினியா?" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். காகிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அம்மா